வின்சன்ற் அடக்கிய தந்தி

யாழ்ப்பாணத்தில் குருநகர்க் கடற்கரையோரம் இருந்த சிற்றாலயத்தின் பாடகர் குழுவை யசிந்தா ரீச்சர்தான் நடத்தினாள். முப்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தாள். கோயிலில் ஆர்மோனியம் வாசித்தாள். ஒரு சுரம் பிசகினாலும் பாட்டை நிறுத்திவிடுவாள். எண்பத்து நான்கில் அந்தக் குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் வின்சன்ற்.

வின்சன்ற் கடலுக்குப் போகிறவன். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். கப்பலில் வேலை செய்த மச்சான் கொண்டுவந்து கொடுத்த உகுலேலே ஒன்று அவனிடம் இருந்தது. நாலு தந்தி, சுளகளவு கூட இல்லாத சின்ன வாத்தியம். அந்த வருடம் சண்டை காரணமாகக் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்ததால் ஒத்திகைக்கு எல்லாருக்கும் முந்தி வருகிறவன் அவனாகவே இருந்தான்.

அவனுடைய இடக்கையில் மோதிர விரலும் சின்ன விரலும் மடங்காது. திருக்கை மீனின் முள் ஏறிப் புண்பட்டு ஆறிய கை அது. பல தந்திகளைச் சேர்த்துப் பிடிக்கிற சுரக்கூட்டைக் கோட்டு என்பார்கள்; மற்றக் கோட்டுகளையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவான். ஜி கோட்டுக்கு மட்டும் மூன்று விரல் வேண்டும். இருக்கிற இரண்டு விரலால், மேலிருந்து எண்ணினால் இரண்டாம் தந்தியையும் நாலாம் தந்தியையும் அழுத்திக்கொண்டு, சுட்டுவிரலைக் கொஞ்சம் சரித்து, நடுவில் கிடக்கும் மூன்றாம் தந்தியில் பட்டும் படாமலும் வைப்பான். அந்தத் தந்தி பேசாது. கை வீசும்போது 'தக்' என்று ஒரு மொட்டைச் சத்தம் மட்டும் வரும்.

அந்தச் சத்தம் யசிந்தாவின் காதில் முள்ளாகக் குத்தியது. திருவிழாப் பூசைக்கு ஆயர் ஆண்டவர் வருவதாக இருந்தது. கடைசி ஒத்திகையில், நற்கருணைப் பாட்டின் நடுவில் அவள் ஆர்மோனியத்தை நிறுத்தினாள்.

"வின்சன்ற் அண்ணை, உங்கடை ஒரு தந்தி ஊமையாக் கிடக்கு. நாலும் கேக்கவேணும்."

அவன் தன் விரலைப் பார்த்தான். "விரல் அவ்வளவுதான் ரீச்சர்" என்றான்.

"அப்ப நீங்கள் வாசிக்க வேண்டாம். சனத்தோடை இருந்து பாடுங்கோ."

பதினான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுடைய அக்கா லூர்த்தம்மாவும் பெண்கள் வரிசையில் நின்றாள்.  வின்சன்ற் வாத்தியத்தைச் சீலைப் பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, மடியில் வைத்தபடி ஒத்திகை முடியும்வரை இருந்தான். திருவிழாவன்று வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து சனத்தோடு நின்று பாடினான். வேறு கோயிலிலிருந்து வந்த ஒருவர் கிட்டார் வாசித்தார். பாட்டு நன்றாகவே அமைந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வின்சன்ற் ஒத்திகைக்கு வரவில்லை. அவனைப் போய்க் கூப்பிட வேண்டும் என்று யசிந்தா நினைத்தாள். முதலில் கௌரவம் விடவில்லை. பிறகு ஊரடங்கு வந்தது. நத்தார்ப் பண்டிகை கழியட்டும் என்று ஒத்திப்போட்டாள். இடையில் ஒருமுறை சந்தைக்குப் போகும் வழியில் அவனைக் கண்டாள். அவன் தலையசைத்தான். அவளும் தலையசைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் வின்சன்ற் பெண்சாதி பிள்ளைகளோடு வள்ளமேறி இராமேசுவரம் போய்விட்டான். அது யசிந்தாவுக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியவந்தது. லூர்த்தம்மா சீலைப் பையோடு கோயிலுக்கு வந்தாள்.

"வள்ளத்திலை ஆளுக்கொரு சாமான் பொட்டளிதான் ஏத்தினவங்கள் ரீச்சர். இதைக் கோயிலுக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டுப் போனவன்."

அன்று பின்னேரம் ஆளில்லாத கோயிலில் யசிந்தா தந்திகளைச் சுருதி கூட்டினாள். ஜி கோட்டைப் பிடித்து நாலு தந்தியையும் முழுசாக மீட்டினாள். பிறகு, ஏனென்று தெரியாமலே, மோதிர விரலை எடுத்துவிட்டு அவன் வைத்ததுபோலவே சுட்டுவிரலைச் சரித்து மூன்றாம் தந்தியை அடக்கிப் பார்த்தாள். 'தக்' வந்தது. ஆனால் சுரத்தில் எதுவும் குறையவில்லை.

நம்பாமல் ஒவ்வொரு தந்தியாகத் தட்டினாள். கிட்டாரில் மேல் தந்தி கீழ்ச் சுரம் பேசும். இதில் அப்படியில்லை, மேல் தந்தியும் உயரத்தில்தான் நின்றது. மூன்றாம் தந்தியை வாத்தியக் கழுத்தின் மூன்றாம் மெட்டில் அழுத்தினால் வருவதும், மேல் தந்தி சும்மா கிடந்தே சொல்வதும் ஒரே சுரம். ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே கட்டைதான். விரல் இல்லாதவன் எந்தத் தந்தியை அடக்கினால் பாட்டுக்குப் பழுது வராதோ, அதைத்தான் பார்த்து அடக்கியிருக்கிறான். சங்கீதம் படித்த அவள் அந்த மொட்டைச் சத்தத்தை மட்டுமே கேட்டாள்.

அவன் இருந்த அகதி முகாமின் விலாசத்தை லூர்த்தம்மாவிடம் வாங்கி, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டாள். எழுதிய கடிதத்தை மூன்று தரம் கிழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பதில் வர நாலு மாதம் ஆயிற்று. அவனே எழுதியிருந்தான்.

"ரீச்சர், அது எனக்கு அப்பவே தெரியும். எல்லாருக்கும் முன்னாலை சொன்னபடியால்தான் நான் திருப்பிக் கதைக்கேல்லை. ஆண்டவர் வாற நேரத்திலை கோயிலுக்குள்ளை கரைச்சல் வேண்டாமெண்டு விட்டன். ஒருக்கால் கிட்ட வந்து கேட்டிருந்தால் காட்டியிருப்பன். இஞ்சை இப்ப கல்லுடைக்கப் போறன். உந்த வாத்தியத்தை ஆரும் வாசிக்கட்டும்."

அடுத்த ஒத்திகையில் அவள் ஆர்மோனியத்தைத் திறக்கவில்லை. கடிதத்தை எடுத்து வாசித்தாள். தான் செய்தது பிழை என்றாள்; அன்று எல்லாருக்கும் முன்னால் சொன்னதால் இதையும் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்றாள். ஆனால் அன்றைய பதினான்கு பேரில் அப்போது ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள் கொழும்பு, இந்தியா, வெளிநாடு என்று போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வின்சன்ற் யாரென்றே தெரியாது.

லூர்த்தம்மா கடிதத்தை வாங்கி, தம்பியின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் உங்களோடை கோவமில்லை ரீச்சர்" என்றாள். "ஆனா போறதுக்கு முதல்நாள் வரைக்கும் நீங்கள் கூப்பிடுவியள் எண்டுதான் இருந்தவன்."