ஜாடியில் அழுத முடி

1969 ஆகஸ்டில், கிழக்குத் தாம்பரம் லாசரஸ் வாத்தியாரின் மகள் யூனிஸின் வயிற்றிலிருந்து ஒன்றேகால் கிலோ முடிக்கட்டியை வெட்டி எடுத்தார்கள். தட்டில் வைத்ததும் அது அழ ஆரம்பித்தது. தம்பியைப் பறிகொடுத்த அக்காவின் அழுகை. பக்கத்து வார்டு வரை கேட்டது.

அந்தத் தம்பி தயாளன், நான்கு வயதில், இரண்டு வருஷத்துக்கு முன்பு தொண்டை அடைப்பான் நோயில் போனான். விசுவாசி வீட்டில் ஒப்பாரி கூடாது, அதுதான் நம் விசுவாசத்துக்கு ஊரார் முன் சாட்சி என்று கல்லறைத் தோட்டத்திலேயே லாசரஸ் அறிவித்தார். சபை மெச்சியது. மெச்சிய வாய்கள் நாசமாய்ப் போக! எட்டு வயது யூனிஸ் விசும்பினால் முழங்காலில் நிறுத்திப் பாமாலை பாட வைத்தார். அவள் விசும்புவதை விட்டாள். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி விழுங்கினாள். மண்டை சொட்டையானபோது பூச்சிவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்த்தார்கள். வயிறு கல்லாய் வீங்கியபோது பூச்சிமருந்து கொடுத்தார்கள், உபவாச ஜெபம் வைத்தார்கள். இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் பிள்ளையிடம் என்னம்மா என்று கேட்க வாய் வரவில்லை.

கேட்டவர் ஆபரேஷன் செய்த டாக்டர் பத்ரிநாராயணன்தான். பிள்ளை சொன்னாள். "இவ தம்பிக்காக அழணும் சார். அழ விடலேன்னா மறுபடி தின்பா. இன்னொரு ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது" என்றார் அவர். லாசரஸ் சாட்சியைப் பற்றிப் பேசினார். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா பட்டு எழுந்துவிட்டாள். "இன்னா சார் நீ, மசுரே அழுதுகினு கீது, உனுக்கு இன்னும் அழுவ வர்லியா?"

தாய் ரத்தினபாய் கட்டியை ஊறுகாய் ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஜெப மேஜையில் வைத்தாள். சாயங்காலம் அது அழுதது. லாசரஸ் உரக்கப் பாடினார். அது அதைவிட உரக்க அழுதது. எட்டாம் நாள் ரத்தினபாய் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, தயாளா என்று வாய்விட்டுக் கதறினாள். யூனிஸ் அவள் மடியில் விழுந்து அழுதாள். லாசரஸ் மிச்சச் சரணங்களைத் தனியாகப் பாடி முடித்தார்.

அதன்பின் யூனிஸ் முடி தின்னவில்லை. 1974இல் பின்னல் இடுப்பைத் தொட்டது. ஜாடி மட்டும் தினமும் ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் அழும்; தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. 1978இல் லாசரஸ் இறந்தார். சபையார் வந்து உட்கார்ந்து, ஆறு மணிக்கு ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அழவில்லை. யூனிஸ் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அழச் சொல்லி ஜாடியை யாரும் வற்புறுத்தவும் இல்லை.