அடைப்புக்குறிக்குள் போன கதை

1977இல் வண்டிப்பெரியாரில் எங்கள் எஸ்டேட் சர்ச்சுக்குப் புது மொழிபெயர்ப்பு வேதாகமம் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் புருஷன் வேதமுத்து ஒரு பிரதியோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. விபச்சாரத்துல பிடிபட்டவ மேல கல்லெறிய விடாம இயேசு காப்பாத்துன கதையை அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கு. பழைய கையெழுத்துப் பிரதி பலதுல இது இல்லையாம். அப்ப இது வேதத்துலயே சேராதுல்ல?"

ஆறு வருஷத்துக்கு முன் நான் வேறொருவனோடு போய்த் திரும்பி வந்தபோது, போதகர் சபை நடுவே வாசித்த கதை அது. அதைக் கேட்டு அழுதுதான் இவர் என் கையைப் பிடித்து லயத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்லாம் முடிந்தது என்று நானும் நம்பினேன், முட்டாள்.

"புஸ்தகம் எப்பக் கைக்கு வந்துச்சு?"

"இப்பத்தான்."

ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். சர்ச்சிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. அதற்குள் இந்தப் பக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறார்.

"கல்லைக் கீழ போட்டுட்டீகன்னுல்ல நெனச்சேன்," என்றேன். "ஆறு வருசமா கையிலயேதான் வச்சிருந்தீகளா?"