ஆறாவது கம்பி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையின் சூட்டைக் காட்டி, அதன்படி பர்னர்களைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டருக்குத் தனி அறை, ஏ.சி. வேறு. மண் தூசி பட்டால் அதற்கு ஆகாதாம். அதனால் அதைப் பார்த்துக்கொள்ளும் சிவசங்கரியைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. நாள் முழுக்க அவளும் சூளையின் ஆறு இடத்துச் சூட்டைக் காட்டித் திரையில் ஓடும் ஆறு எண்களும்தான். வாடகை வீட்டுக்குப் போனாலும் பேச்சுத்துணைக்கு டி.வி.தான். மத்தியானம் மட்டும், சூளைக்குள் சரக்கு அடுக்கும் காசியம்மாள் சேலையைத் தட்டி உதறிவிட்டுக் குழம்புத் தூக்கோடு உள்ளே வந்துவிடுவாள். அவளை யார் தடுப்பது?

அந்தக் காசியம்மாளுக்கு வேலை போயிற்று. சூளையின் பின்பக்கத்துச் சரக்கு இரண்டு தடவை அரைவேக்காடாக வந்தது. முதலாளி கோதண்டபாணி அவளையும் கூட்டிக்கொண்டு வந்து, பின்பக்கச் சூடு சரியா என்று சிவசங்கரியைக் கேட்டார். பின்பக்கத்துக்கான ஆறாவது எண் ஐந்தாவதை ஒட்டிச் சமர்த்தாக ஏறியிருந்தது. சரியாகத்தான் இருக்கிறது சார் என்றாள். அப்படியானால் தீ போகிற வழியை அடைத்து அடுக்கியிருக்கிறாள் என்று பழி காசியம்மாள் தலையில் விழுந்தது. அவள் சிவசங்கரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆள் மாறியும் அடுத்த சரக்கு அதே அரைவேக்காடு. அப்போதுதான் சிவசங்கரிக்குத் திரையின் மேல் சந்தேகம் வந்தது. மறுபடி சூளை எரியும்போது, பின்பக்க பர்னரைக் கையால் ஓட்டும்படி மாற்றிவிட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், எர்த்தைச் சோதித்தாள், திருகுகளை இறுக்கினாள். ஒன்றும் மாறவில்லை. கடைசியில், பின்பக்கச் சூட்டை அளந்து அனுப்பும் ஆறாவது கம்பியை, கம்பிகள் வந்து சேரும் கார்டிலிருந்து கழற்றியே விட்டாள். கம்பி கையில் இருந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

கம்பி சூளைக்குள் என்றைக்கோ கருகி அறுந்திருக்கிறது. கார்டு கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் படிக்கும். ஆறாவதில் எதுவும் வராததால், ஐந்தாவதில் படித்த மிச்சத்தையே இதற்கும் காட்டியிருக்கிறது. அந்த எண்ணை நம்பிக் கம்ப்யூட்டரும் பின்பக்க பர்னரைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மிச்சத்தைப் போக்கிப் பார்க்க, கார்டில் ஆறாவதின் இரண்டு திருகுகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தாள். எண் தடாலென்று விழுந்தது.

கோதண்டபாணி புதுக் கம்பி போடச் சொன்னார். நடந்தது நடந்துபோயிற்று, வெளியில் மூச்சு விடாதே என்றார். சிவசங்கரி ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு காசியம்மாளின் ஊரான கம்மாபுரத்துக்கே போய்விட்டாள். காசியம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரி கார்டு, கம்பி, பர்னர் என்று நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

காசியம்மாள் தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நம்பரு தப்பா காட்டுனா நீ என்ன பண்ணுவ? அன்னிக்கி ஒம் பக்கத்துலதான் நின்னேன். 'இந்தக்கா அப்படி அடுக்க மாட்டாங்க சார்'னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்."

சிவசங்கரி, முதலாளியிடம் தானே பேசுவதாகவும், மறுபடி வேலைக்கு வரவேண்டும் என்றும் கெஞ்சினாள். நீங்கள் இல்லாமல் அந்த அறையில் இருக்க முடியவில்லை அக்கா என்று கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

காசியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டப் போனேன். நமக்குக் கெடுதல் பண்ணவங்கள பத்தி சாமிக்கு எழுதிக் கட்டுவாங்கல்ல, அது. மொதலாளி பேர எழுதல, ஒம் பேரத்தான் எழுதுனேன். அப்பறம், பாவம், இந்தப் புள்ளைக்கு யாரு இருக்காங்கன்னு கிழிச்சுப் போட்டுட்டேன். வேலைக்கு வரல பாப்பா. இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேரு."