ஏழு மணிக்கு ஏறியவர்

அன்று மாலை மணமக்கள் இருவரும் பங்குத்தந்தையின் முன் கையொப்பமிட்டால், ஞாயிறன்று கோவிலில் அவர்கள் பெயர் சொல்லித் திருமணத்தை அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்கப்படும். அதற்காகவே சிங்கப்பூரிலிருந்து அன்று காலை வந்திறங்கியதாகக் கூறி, தன் பெரியம்மாவுடன் காரைக்குடிக்கு வந்திருந்தான் ஜெரால்டு.

மணமகள் ஷீலாவுக்கோ ஐயம் தீரவில்லை. அவளுடைய அண்ணன் ஆறாண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் நேரில் சந்திக்க அழைத்தபோதெல்லாம், வேலை மிகுதி என்று ஜெரால்டு தட்டிக் கழித்திருந்தான்.

"எத்தன மணிக்கு ஏறுனீக?" என்று வினவினாள்.

"அங்க காலைல ஏழு மணி. நாலு மணி நேரந்தானே! பதினொண்ணுக்குத் திருச்சில இறங்கிட்டேன்."

"இறங்குனதும் போன்ல மணி பாத்தீகளா?"

"பாத்தேன். சரியா பதினொண்ணு."

பெரியம்மா சிரித்தார். "பொண்ணு வீட்டுக்கு வந்தோமா, இமிகிரேஷனுக்கு வந்தோமா?"

ஷீலா சிரிக்கவில்லை. அண்ணனுக்கு ஒன்பது மணியானால் அவளுக்கு ஆறரைதான். அங்கே ஏழு மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தவன், இங்கே எட்டரைக்கே இறங்கியிருத்தல் வேண்டும்; போனும் அதையே காட்டியிருக்கும்.

"அங்குட்டு மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். அங்கயே இருக்கிற உங்களுக்கு அது தெரியாதா?"

ஜெரால்டு தலைகுனிந்தான். "விசா இன்னும் வரல. திருப்பூர்லதான் இருக்கேன். ஓலை வாசிக்கிறதுக்குள்ள வந்துரும்னு ஏஜெண்டு சொன்னாரு."

பெரியம்மா காப்பித் தம்ளரை ஓசையின்றிக் கீழே வைத்தார். ஷீலா தந்தையின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, பங்குச் சாமியாருக்குப் போன் போடுங்க. ஞாயித்துக்கிழமை எங்க பேரை வாசிக்க வேணாம்னு சொல்லுங்க."