திருப்பிக் கொடுக்க வேண்டிய மண்

வெள்ளிமலைப் பேருந்து மலையேறத் தொடங்கியபோது என் மடியில் இரண்டு மண்பைகள் இருந்தன. ஒன்று மலையில் விவசாயம் செய்யும் தைலம்மாளின் சாமைக் கொல்லையில் நான் எடுத்தது. மற்றது எங்கள் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நேற்று அள்ளியது. எதைக் கொடுப்பது என்பதைப் போகிற வழியில் முடிவு செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். என் முனைவர் பட்டமே இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

தப்பு என்னுடையதுதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி. கோடையில் போய், கொஞ்சம் மண் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அதுக்கு இன்னா, எடுத்துக்கோ" என்றார் தைலம்மாள். நான் எடுத்ததோ விதைப்புக்குப் பிறகு, அவர் ஊரில் இல்லாத நாளில். விதை உள்ளே இருக்கும்போது கொல்லை மண் வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். நான் படித்த எதிலும் அது இல்லை. இப்போது பயிர் ஒரு பக்கமாகச் சோர்ந்து நிற்கிறது. போனில் அவர் திட்டவில்லை. "எடுத்தத கொண்டாந்து போட்ரு பாப்பா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரும்பகுதி சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் அந்த ஒரு பைதான். முடிவுகளைச் சரிபார்க்க அதுவும் இல்லையென்றால் ஆய்வேடு அந்தரத்தில் தொங்கும். வழிகாட்டி ராஜாங்கம் சாரிடம் சொல்லி அழுதேன்.

"இங்கயே ரெண்டு கை அள்ளிக்கினு போய்க் குடும்மா. செம்மண்ணு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். மண்ணுக்கு மண் எப்படி வேறுபடும் என்று காலமெல்லாம் பாடம் நடத்துகிறவர்.

கடைசி வளைவில் மனசு கேட்கவில்லை. உண்மையான மண்ணையே கொடுத்துவிடுவது, பட்டம் போனால் போகட்டும் என்று முடிவெடுத்தேன். கொல்லை வரப்பில் நின்றபோதுதான் உறைத்தது. எதைக் கொடுத்தாலும் சந்தேகம் வரக்கூடாதென்று காலையில் கொல்லை மண் பையில் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டைக் கிழித்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரி பை, ஒரே சிவப்பு. வழியில் சரிந்து சரிந்து, எது எந்தப் பக்கம் இருந்தது என்பதும் போயிற்று.

தைலம்மாள் முந்தானையை விரித்தார்.

"இன்னா யோசிச்சிக்கினு நிக்கிற? குடு பாப்பா."

சொல்லியிருக்கலாம். கைக்கு வந்த பையைக் கொட்டினேன். அவர் அதை நெற்றியில் தொட்டுக்கொண்டு, சோர்ந்த பயிர்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார்.

"இவ்ளோ தூரம் கொண்டாந்த பாரு, வேற யாரு வருவா? அறுப்பு முடியட்டும். எவ்ளோ வேணுமோ அள்ளிக்கினு போ."

மீதிப் பையோடு பேருந்தில் உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மண் என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்து சீட்டு அம்மா பையைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"மண்ணுங்க."

"எந்த ஊரு மண்ணு?"

பேருந்து வளைவில் திரும்பியது. பை சரியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.