பிரேக்கில் வெந்த சோறு

பஸ் டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், பற்றவைக்காத அவர் வீட்டு அடுப்பில் உலை கொதித்தது. கல்யாணமான மாதத்தில் தொடங்கியது இது. டிப்போ மெக்கானிக் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு தூரம் ஓடி வந்தாலும் அந்த பஸ்ஸின் சக்கரங்கள் சில்லென்றே இருந்தன. பக்கத்து வீட்டு அறிவியல் வாத்தியார் இதற்கு அசரவில்லை. ஆற்றல் அழியாது, உருமாறும், அவ்வளவுதான்; ஓடுகிற வேகம் பிரேக்கில் சூடாக வேண்டும், இங்கே வழி தவறிப் பானைக்கு வருகிறது என்றார். ஆற்றல் என்றால் என்ன என்று டிரைவரின் மனைவி கேட்டதற்கு, கணக்கு சரியாக வரும், ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை என்று தலையைச் சொறிந்தார். போக இடமில்லையென்றால் அது வண்டியிலேயே தங்கிவிடும், பிரேக் பிடிக்காது என்றும் சொல்லிவைத்தார். கேஸ் மிச்சமானதில் அவளுக்குச் சந்தோஷம். நெரிசலான நாட்களில் பருப்பு குழைந்துபோகும், அதற்கு மட்டும் முணுமுணுப்பாள்.

பல வருஷம் கழித்து, வீட்டுச் சமையலே என் காலால்தான் நடக்கிறது என்று டிரைவர் டிப்போவில் பீற்றிக்கொண்டது அவள் காதுக்கு வந்தது. காய் நறுக்கியது யார், அரிசி களைந்தது யார்? அவர் டிப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதிய வேளையில், பானையை இறக்கிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். காலும் நீட்டியாயிற்று. அப்புறம்தான் கடிகாரம் கண்ணில் பட்டது. சாப்பிட்டுக் கிளம்பினால் முதல் பிரேக் பள்ளிக்கூடச் சரிவில்தான்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தைத் தேட நேரமில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அடுப்பின் மேல் வைத்து அழுத்தினாள். சரிவில் டிரைவர் எழுந்து நின்று மிதித்தும் கேட்காத பஸ், பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அவர் ஓட்டமும் நடையுமாக வந்தபோது அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. நனைத்துப் போட்ட துணியெல்லாம் நெற்றியிலேயே காய்ந்தது. டிரைவர் கவிழ்ந்து கிடந்த பானையைப் பார்த்தார்.

"காலிப் பானையையாவது வெச்சிருக்கக் கூடாதா?"

"யோசிக்கவா நேரம் இருந்துச்சு? உங்க வாய்க்கு வெச்ச பானைதான் இந்தக் கை, போங்க."

காய்ச்சல் சில நாளில் இறங்கியது. உள்ளங்கைச் சூடு மட்டும் இறங்கவேயில்லை. அதற்கு மருந்து கிடையாது என்று வாத்தியார் கைவிரித்தார். குளிர்காலத்தில், இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும் சண்டை நாட்களிலும், டிரைவர் தன் கையைப் பின்பக்கமாக நீட்டுவார். அவளும் திரும்பாமலே பிடித்துக்கொள்வாள்.