உயிரோடிருப்பவர்களின் இரங்கல் நோட்டீஸ்

மலைமேலிருக்கும் மேல்மகலாக் குடியிருப்புக்கு வரும் பஸ்ஸை நகரசபை நிறுத்தப் போகிறது என்று காதில் விழுந்ததுமே ரூமியானாவுக்கு அக்கா தோன்காவின் நினைப்புதான் வந்தது. பஸ் போனால் அக்காவும் போய்விடுவாள். தோன்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். டாக்சிக்காரர்களோ மேல்மகலா என்ற பெயரைக் கேட்டாலே போனை வைத்துவிடுவார்கள், பனிக்காலத்தில் சொல்லவே வேண்டாம். தோன்காவின் மகன் இவைலோ பிளோவ்திவ் நகரத்திலிருந்து போன் செய்து, யோசனை கேட்கவில்லை, முடிவையே சொல்லிவிட்டான்.

"சித்தி, பஸ் நின்னுச்சுன்னா அம்மாவை நான் இங்க கூட்டிட்டு வந்துடுவேன். ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. ஒன்பதாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஹீட்டர் இருக்கு. வேறென்ன வேணும்?"

"அவகிட்ட கேட்டியாடா?"

"அம்மா எதுக்கு வாயைத் திறந்திருக்காங்க? நான் சொன்னா சரின்னுவாங்க."

ரூமியானாவின் பயமும் அதுதான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் தோன்கா. புருஷன்மார் இருவரும் போன பிறகு அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் காலத்தை ஓட்டுகிறார்கள். ரூமியானா நாள் முழுக்கப் பேசுவாள், தோன்கா கேட்பாள். கேட்கிற ஆள் போய்விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும்.

சும்மா இருக்கிற ஜென்மமா ரூமியானா? சாக்ஸ் ஃபாக்டரியில் இருந்த காலத்தில் மேனேஜர்களே அவளைக் கண்டால் வேறு கதவு வழியாகப் போவார்கள். இப்போது அவள் மேல்மகலா ஓய்வூதியர் கிளப்பின் தலைவி. கிளப்காரர்கள் எல்லோரையும் கிளப்பிவிட்டு, 'பஸ்ஸை நிறுத்தாதே! வியாழன் பத்து மணி, நகரசபைக் கூட்டத்துக்கு வாருங்கள்' என்று போஸ்டர் எழுதி, கம்பம் கம்பமாக ஒட்ட வைத்தாள். ஒரே இரவுதான். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்புக்குப் போனால், நகரசபைத் துப்புரவுக்காரன் கிரில் கையில் சுரண்டியோடு நின்று, அவள் போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா கிரில், உனக்கு வெட்கமா இல்ல?"

"ரூமியானாம்மா, என் வயித்துல அடிக்காதீங்க. அனுமதி இல்லாத போஸ்டராம். தலைவர் உத்தரவு."

"உங்கம்மாவும் இந்த பஸ்லதானடா போனா வந்தா."

"அவங்க இருந்திருந்தா என்னைச் செருப்பாலயே அடிச்சிருப்பாங்க. என்ன பண்றது சொல்லுங்க?"

பேசிக்கொண்டே வேலையை முடித்தான். அவள் போஸ்டருக்குப் பக்கத்திலேயே, கறுப்புக் கட்டம் போட்டு, பால்காரர் அசெனின் இரங்கல் நோட்டீஸ் இருந்தது. அவர் போய் ஒரு வருஷம் ஆனதற்குக் குடும்பத்தார் ஒட்டியது. ஓரம் கொஞ்சம் பிய்ந்து காற்றில் ஆடியது. கிரில் கையுறையைக் கழற்றினான், கட்டைவிரலை எச்சில் தொட்டான், அந்த மூலையைப் பதமாக அழுத்தி ஒட்டினான்.

ரூமியானா கண் கொட்டாமல் பார்த்தாள். "இதுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்காங்களா?"

கிரிலின் முகம் மாறிவிட்டது. கோயிலுக்குள் யாரோ காறித் துப்பியதைப் பார்த்தவன் மாதிரி ஓரடி பின்னால் போனான். "செத்தவங்க நோட்டீஸுக்கு யாரும்மா அனுமதி கேப்பாங்க? தானா மழையில கரையற வரைக்கும் அதைத் தொடலாமா? கிழிச்ச கை விளங்குமா?"

அவ்வளவுதான், ரூமியானாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வந்த வேலையை மறந்து நேரே கிளப்புக்கு நடந்தாள்.

கிளப்பில் அவள் விஷயத்தைச் சொன்னதும் காபிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. உயிரோடு இருக்கும்போதே தன் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போடுவதா! கெட்டது அண்டாதிருக்கப் பெண்கள் தூ தூ தூ என்று தோளுக்குப் பின்னால் துப்பினார்கள். ஆண்கள் மேஜைக்கு அடியில் மரத்தைத் தட்டினார்கள்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா ரூமி? சாவைக் கதவைத் திறந்து வா வான்னு கூப்பிடறதா?"

"கூப்பிடலேன்னா வராதா? நம்ம வயசுக்கு அது வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டுதான் உக்காந்திருக்கு. உள்ள வர்றதுக்குள்ள ஒரு காரியத்தைச் சாதிச்சுடுவோம்னு சொல்றேன்." தன் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை மேஜையில் போட்டாள். "இந்தா, என்னது. அடுத்து யாரு?"

ஒருத்தரும் அசையவில்லை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சாத் துண்டுகள் தட்டில் ஆறிப்போயின. இத்தனை பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு தனியாக ரூமியானா என்றைக்கும் நின்றதில்லை.

அப்போது மூலையிலிருந்து கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. தோன்கா. அவள் உள்ளே துழாவி ஒரு படத்தை எடுத்தாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"இதுல மூக்கு கொஞ்சம் பெரிசா விழுந்திருக்கு," என்றாள். "போகட்டும். இதுதான் இருக்கு."

வாரம் மூன்று முறை மெஷினுக்குக் கையைக் கொடுக்கிறவளே படத்தைக் கொடுத்த பிறகு, மற்றவர்கள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பார்கள்? ஒவ்வொருவராக எழுந்தார்கள். நல்ல படம் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று ஓடியவர்களும் உண்டு.

இரங்கல் நோட்டீஸ் அச்சடித்துத் தரும் ஈமச்சடங்குக் கடைக்கார ஸ்தாமென் படக்கட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "என் சர்வீஸ்ல ஆளே நேர்ல வந்து ஆர்டர் குடுத்து நான் பார்த்ததில்ல. சரி, மேல சிலுவை வைக்கவா, சாமி கும்பிடாதவங்களுக்கு வைக்கிற இலை வைக்கவா?"

"இலை போதும்," என்றாள் ரூமியானா.

"எனக்குச் சிலுவை," என்றாள் தோன்கா. ரூமியானா திரும்பிப் பார்த்தாள். அக்கா தனக்கென்று ஒன்று கேட்டு அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் ஊர் விழித்தபோது கம்பங்களிலும் மரங்களிலும் பேக்கரிக் கதவிலும் மேல்மகலாவின் முகங்கள் கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து பார்த்தன. 'மகிழ்ச்சியுடன் அறிவிப்பது என்னவென்றால், எழுபத்தெட்டு வயதான தோன்கா இன்னும் உயிரோடிருக்கிறார். பஸ்ஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்று சொல்வதற்கில்லை. வியாழன் காலை பத்து மணி, நகரசபை மண்டபம். தெரிந்தவர்கள் அனைவரும் வரவும்.'

கிரில் முதல் கம்பத்தடியில் நின்று தொப்பியைக் கழற்றினான். நகரசபைத் தலைவர் பிளாமென் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டதாம்.

"டேய், அவங்கல்லாம் உயிரோட இருக்காங்கடா! கிழி!"

"உயிரோட இருந்தா இன்னும் கஷ்டம் சார். கிழிக்கிறதைப் பார்த்துட்டுச் சாபம் விடுவாங்க. நான் மாட்டேன். நீங்க வேணா வந்து கிழிங்க."

பிளாமென் வந்தார், ஆனால் கம்பத்துக்கு அல்ல. அன்று சாயங்காலமே அவருடைய கார் முக்கி முனகி மேல்மகலா ஏறி, அக்கா தங்கை வீட்டு வாசலில் நின்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். அவர் அம்மா ஃபாக்டரியில் ரூமியானாவுக்குப் பக்கத்து மெஷின். தோன்கா அவருக்குக் காபியும் அத்திக்காய் ஜாமும் வைத்தாள்.

"ரூமியானாம்மா, என்ன இது? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. இந்த வயசுல உங்களுக்கு அரசியல் எதுக்கு? நிம்மதியா வீட்ல இருக்கக் கூடாதா?"

"வீட்லயேதான் இருக்கச் சொல்றியே தம்பி. அதனாலதான பஸ்ஸை நிறுத்தறே."

பிளாமென் சிரித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க கஷ்டம் என்ன, அக்கா ஆஸ்பத்திரி போகணும். நகரசபைக் காரை அனுப்பறேன். வாரத்துல மூணு நாளும் வாசலுக்கே வரும், வாசல்லயே இறக்கிவிடும். நோட்டீஸையெல்லாம் நீங்களே எடுத்துடுங்க. வியாழக்கிழமை அங்க வராதீங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்."

ரூமியானாவுக்கு வாய் உலர்ந்துவிட்டது. மேனேஜர்களை ஓட ஓட விரட்டிய வாய். அவள் கேட்டது எல்லாமே இதோ மேஜைமேல் இருக்கிறது. அக்கா போக மாட்டாள். காலையில் எழுந்தால் எதிரே இருப்பாள். மற்றவர்களுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் வந்துவிட்டது.

"தம்பி," என்றாள் தோன்கா. "அந்தக் கார்ல எத்தனை பேர் உக்காரலாம்?"

"டிரைவரைத் தவிர நாலு பேர் உக்காரலாம்மா. தாராளமா."

"பஸ்ல எங்க மகலாவே உக்காருதேப்பா. ஜாமைச் சாப்பிட்டுட்டுப் பார்த்துப் போ, இறக்கத்துல வழுக்கும்."

கார் இறங்கிப்போகும் சத்தம் அடங்கும்வரை ரூமியானா வாசலிலேயே நின்றாள். பிறகு, "அக்கா, உனக்காகத்தான அவன் தர்றேன்னான்," என்றாள்.

"எனக்காகவா? ஆயுசு பூரா அவன் எதிர்ல வரும்போதெல்லாம் நன்றி நன்றின்னு தலையை ஆட்டிக்கிட்டிருக்கணும். அதுக்கு ஒன்பதாவது மாடியே தேவலை." தோன்கா கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மேல்மகலா முழுக்க பஸ்ஸில் நெருக்கியடித்து இறங்கியது. நகரசபை வாசலில் ரூமியானாவுக்குக் கால் நின்றுவிட்டது. கூட்டமான கூட்டம்! அத்தனை பேரும் கறுப்பு உடை. அத்தனை பேர் கையிலும் கார்னேஷன் பூ, செத்தவர்களுக்குக் கொடுப்பதுபோல் இரட்டைப்படையில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஊரில் யார் இரங்கல் நோட்டீஸைக் கடைசிவரை படிக்கிறார்கள்? கறுப்புக் கட்டம், தெரிந்த முகம், கிழமை, நேரம். பார்த்து, ஐயோ பாவம் என்று பெருமூச்சு விட்டு, பூக்கடைக்குப் போய்விடுவார்கள்.

ஃபாக்டரியில் கூட வேலை பார்த்த ஒருத்தி ரூமியானாவைப் பார்த்து வீலென்று கத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பயம் போனதும் கோபம் வந்துவிட்டது.

"அடிப்பாவி! இருக்கியா? ராத்திரி பூரா உனக்காக அழுதேன்டி! கறுப்பு கவுனை இஸ்திரி போட்டுக் கையைச் சுட்டுக்கிட்டேன்!"

"செத்தா வர்றதுக்கு இத்தனை பேர் இருக்கீங்கன்னு எனக்கும் இப்பத்தானடி தெரியுது," என்றாள் ரூமியானா. "வந்தது வந்தீங்க, இருக்கும்போதே வந்துட்டீங்க. திரும்பிப் போகாதீங்க. உள்ள வாங்க."

போவதா, திட்டுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் எல்லோரும் உள்ளேயே வந்துவிட்டார்கள். நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் நிரம்பி, படிக்கட்டும் நிரம்பியது. நகரசபை உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ் விஷயம் வந்தபோது பிளாமென், பொதுமக்கள் சார்பில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம் என்றார். ரூமியானா எழுந்தாள். தோன்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்தாள்.

"என் பேரு தோன்கா. எழுபத்தெட்டு வயசாகுது." குரல் மெல்லிசுதான். "எங்கப்பா சொன்னதுக்குச் சரின்னேன். வீட்டுக்காரர் சொன்னதுக்குச் சரின்னேன். அந்தக் காலத்துல கட்சி மீட்டிங்ல கையைத் தூக்குன்னாங்க, எதுக்குன்னு கேக்காமலே தூக்கினேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா மாட்டேன்னு சொல்ல வந்திருக்கேன். பழக்கமில்ல, கொஞ்சம் பொறுமையா கேளுங்க."

கதவு படாரென்று திறந்தது. இவைலோ. முகம் வீங்கி, கண் சிவந்து, கை நிறைய வெள்ளைப் பூவோடு நின்றான். யாரோ புண்ணியவான் நோட்டீஸைப் போனில் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். முகத்தைப் பார்த்தவன் மேலே படிக்கவில்லை. பிளோவ்திவிலிருந்து அழுதுகொண்டே கார் ஓட்டி வந்திருக்கிறான்.

"அம்மா!"

சின்னக் குழந்தை கூப்பிடுகிற மாதிரி இருந்தது. போதும், அக்கா இனி உட்கார்ந்துவிடுவாள், மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள் என்றே ரூமியானா நினைத்தாள்.

"அழாதே கண்ணா. எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் தோன்கா. "இப்படி உக்காரு. நான் பேசிட்டிருக்கேன்."

இவைலோ தொப்பென்று உட்கார்ந்தான்.

"இவன் என் புள்ளை. நல்ல புள்ளை. செத்துட்டேன்னதும் எப்படி ஓடி வந்திருக்கான் பாருங்க. ஆனா நான் இருக்கும்போது எனக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், நானும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன், நீங்களும் கேட்டுக்கோங்க, அவனும் கேட்டுக்கட்டும். என் வீடு மேல்மகலாவுல இருக்கு. என் தங்கச்சி அங்க இருக்கா. நான் பஸ்ல போவேன், பஸ்ல வருவேன். உயிரிருக்கிற வரைக்கும் அப்படித்தான். அவ்வளவுதான் எனக்குப் பேசத் தெரியும்."

உட்கார்ந்தாள். ரூமியானாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இவைலோ எழுந்து வந்தான். அம்மாவிடம் பூவை நீட்டப் போனவன் நின்று, கையைப் பார்த்தான். இரட்டைப்படை. அதிலிருந்து ஒரு பூவை உருவிவிட்டு, உயிரோடிருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒற்றைப்படையாக்கி அவள் மடியில் வைத்தான். உருவிய பூவை எங்கே வைப்பது? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உறுப்பினர்கள் மேஜையில் கொண்டுபோய் வைத்தான். அதைப் பார்த்து, இஸ்திரியில் கையைச் சுட்டுக்கொண்ட ஃபாக்டரித் தோழியும் எழுந்து ஒரு பூவை உருவினாள். அப்புறம் சுவரோரம் நின்றவர்கள், படிக்கட்டில் நின்றவர்கள். மேல்மகலாக்காரர்களின் மடி நிறைந்தது, உறுப்பினர்கள் முன்னால் ஒற்றைப் பூக்கள் சேர்ந்துகொண்டே போயின. பிளாமெனுக்கு முன்னால் சரியாக இரண்டு விழுந்து நின்றது.

அவர் அதைப் பார்த்தார். மெதுவாக ஒரு பூவைப் பக்கத்து உறுப்பினரிடம் நகர்த்தினார். அவர் தன் பூக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐயோ, எனக்கு வேண்டாம் சார்," என்று சட்டென்று திருப்பித் தள்ளினார். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"ஓட்டுக்கு விடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து கிரிலின் குரல் வந்தது.

பஸ் ஓடட்டும் என்று கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பிளாமென் கடைசியாகத் தூக்கினார். உயர்ந்த கையில் அந்த இரண்டாவது பூ இருந்தது.

வெளியே வந்ததும் இவைலோ கார் சாவியை எடுத்தான். "அம்மா, சித்தி, ஏறுங்க. மேல கொண்டுவிட்டுட்டு வர்றேன்."

தோன்கா மடிப்பூவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரூமியானாவின் கையைக் கோத்துக்கொண்டாள். "கார் இங்கயே நிக்கட்டும்," என்றாள். "வேணும்னா நீ எங்ககூட பஸ்ல வா."